சந்தனத்துக்கு அடியில் ஒரு போல்ட்டு

போன மாதம் மலாக்காவுக்குப் பக்கத்தில் கிளேபாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் பழைய இங்கிலீஷ் கார் ஒன்று நின்றது. கறுப்பு பெயிண்ட், முன்பக்கம் இரண்டு பெரிய விளக்கு, ஏறும்போது கால் வைக்க நீளமான ஃபுட்போர்டு. ஆசையாக இருந்தது. கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தேன். மரத்தில் இழைத்த டேஷ்போர்டை நடுவில் ரம்பம் வைத்து அறுத்து, பளபளவென்று ஒரு ஸ்டீரியோவைச் சொருகியிருந்தார்கள்.

காரின் சொந்தக்காரர் நம் தமிழ்ப் பையன்தான், முப்பது வயதிருக்கும். பெருமையாக வந்து பாட்டுப் போட்டுக் காட்டினார். எஞ்சினைக் கிளப்பியதும் பாட்டுக்குப் பின்னால் கொசு மாதிரி ஒரு ரீங்காரம் வந்தது. "அது மட்டும்தான் அங்கிள் போகமாட்டேங்குது" என்றார். "பாட்டு கேக்கணும்னு ஆசைப்பட்டு வயித்தைக் கிழிச்சிட்டீங்களே தம்பி" என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை, சிரித்தார். ஓட்டை போடாமல் பழைய காரில் எப்படி ரேடியோ மாட்டுவது என்று கேட்டார். மாட்டலாம், மாட்டியிருக்கிறேன் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. கிழவன் அளக்கிறான் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். அந்தக் கதையை எழுதிவைத்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

நான் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். பால் எடுக்க மரம் வெட்டப் பிடிக்காமல் மலாக்கா டவுனுக்கு வந்து, காஜா பெராங் சாலையில் ஒரு சீனருடைய கார் பட்டறையில் சேர்ந்தேன். கூட்டினேன், டயர் கழற்றினேன், பிறகு பேட்டரி அறைக்கு அனுப்பினார்கள். படிப்பு, பயிற்சி எல்லாம் அவ்வளவுதான். பின்கட்டில் ஜன்னல் இல்லாத அறை. வரிசையாகப் பேட்டரிகள் சார்ஜ் ஏறிக்கொண்டு குமிழி விடும். ஆசிட் ஆவி தொண்டையில் புளிக்கும். போட்ட சட்டையெல்லாம் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழும். வீட்டில் என் மனைவி சரோஜா அதைத் தைத்துத் தைத்து ஓய்ந்துபோவாள். எனக்கு விடாத இருமல் வேறு பிடித்துக்கொண்டது.

ஒருநாள் கையில் ஊசியோடு அவள் சொன்னாள்: "தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்தது சட்டையோட சேத்து நெஞ்சையும் ஓட்டையாக்கிக்கவா? அந்த ரூமை விட்டு வெளிய வாங்க. எப்படி வருவீங்களோ தெரியாது, வாங்க." அப்போது மூத்தவள் அவள் வயிற்றில் இருந்தாள். அந்தப் பேச்சு எனக்குச் சுருக்கென்று தைத்தது.

வெளியே வர ஒரே வழிதான் இருந்தது. நாடு சுதந்திரம் வாங்கப்போகிறது என்று ஊரே ரேடியோவுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்த நேரம். வசதி உள்ளவர்கள் காரிலும் ரேடியோ வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். எங்கள் தவுக்கே, அதாவது முதலாளி, மாடியில் ஒரு அறையை ஒழித்து ரேடியோ வேலைக்கென்று மேசை போட்டிருந்தார். காற்று வரும், வெளிச்சம் வரும், ஆசிட் வராது. நானோ உடைந்த செட்டுகளைக் கிண்டிக் கிண்டி அந்த வேலையைப் படித்துவைத்திருந்தேன். அந்த மேசைக்கு என்னைப் போடுங்கள் என்று கேட்டேன். ஆனால் தவுக்கேயின் அண்ணன் மகன் சிங்கப்பூரில் முறையாகப் படித்துவிட்டு வந்திருந்தான். மேசை அவனுக்குத்தான் என்று பட்டறையில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். தவுக்கே நாக்கைத் தட்டி ஒரு சத்தம் செய்தார். அதற்கு ஆமாம் என்றும் பொருள், இல்லை என்றும் பொருள்.

அவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஒல்லியான ஆள், வெள்ளை பனியன், காதில் பென்சில். வாயில் இருந்து ஒரு பாராட்டு விழுந்து யாரும் கேட்டதில்லை. ரேடியோ மாட்டிய காரைச் சோதிக்க வந்தால் செட்டைப் பார்க்கவே மாட்டார். முதலில் எஞ்சினைக் கிளப்பச் சொல்வார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஜன்னலோரம் நிற்பார். "எஞ்சின் நின்னா யார் ரேடியோவும் பாடும்" என்று மலாயில் சொல்வார். இரைச்சல் துளி கேட்டாலும் கண்ணைத் திறந்து, ஒன்றும் பேசாமல் நடந்துவிடுவார். திட்டினால்கூடப் பரவாயில்லை என்று இருக்கும்.

அப்போதுதான் மாக் பாக்கியத்தின் கார் வேலை வந்தது. பட்டறைக்குப் பின்னால் சிட்டிகள் குடியிருக்கும் கம்பத்தில், அதாவது கிராமத்தில், அவர் வீடு. சிட்டிகள் பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து வேர்விட்ட இந்துக்கள். சாமி கும்பிடுவதில் நம்மைவிட ஒரு படி மேலே இருப்பார்கள், பேச்சு மட்டும் மலாய். மாக் பாக்கியம் மலாய்ப் பெண்களைப் போலச் சாரோங் கெபாயா கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருப்பார். மாக் என்றால் அம்மா, நாங்கள் எல்லாருமே அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். ஜப்பான்காரன் காலத்தில் அவர் கணவரைச் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. கணவர் ஆசையாக வாங்கிய காரை அந்த அம்மாள் சக்கரத்தைக் கழற்றி, விறகை அடுக்கி மறைத்துக் காப்பாற்றினார். இப்போது மகன் அருணாசலம் அதைக் கல்யாணங்களுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார்.

மாக் ஒரு புது செட்டு வாங்கிவிட்டார். வெள்ளைக்காரன் கொடி இறங்குகிற அன்றைக்கு உன்னைக் காரில் உட்காரவைத்து ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று கணவர் சொல்லியிருந்தாராம். ஆள் இல்லை, கார் இருக்கிறது. மெர்டேக்கா என்கிற சுதந்திரச் செய்தியை அந்தக் காரில் போய்க்கொண்டே கேட்க வேண்டும், அதுதான் அவருக்கு வேண்டியது. ஆனால் ஒரு கட்டளை போட்டார்: காரில் புதிதாக ஒரு ஓட்டையும் விழக்கூடாது. தவுக்கேயின் அண்ணன் மகன் போய்ப் பார்த்துவிட்டு, டேஷ்போர்டை அறுக்காமல் முடியாது என்றான். மாக் அவனுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்.

தவுக்கே பேட்டரி அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரமாட்டார், அவருக்கும் தொண்டை இருக்கிறதே. "மேசை கேட்டியே, மணியம். அந்தக் காடியைப் பாட வை. மெர்டேக்கா அன்னிக்குக் காலையில நான் வந்து கேப்பேன். எஞ்சின் ஓடணும்" என்றார். காடி என்றால் எங்கள் பேச்சில் கார். முடியாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் பேட்டரிகள் குமிழி விட்டுக்கொண்டிருந்தன, அதுவே போதுமாக இருந்தது. செய்கிறேன் என்றேன். என்ன ஆனாலும் சரி, இந்தக் காரைப் பாட வைத்துவிட்டுத்தான் மறுவேலை என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

காரை இரவில் வெளியே விட மாக் சம்மதிக்கவில்லை. அதனால் பட்டறை வேலை முடிந்ததும் நான் அவர் வீட்டு முற்றத்துக்குப் போய்விடுவேன். இப்போதுள்ளவர்கள் காரில் கையை வைத்ததும் எங்கே அறுக்கலாம் என்று பார்க்கிறார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு முதலில் காரைச் சுற்றினேன். ஏற்கனவே எங்கெங்கே திருகாணி இருக்கிறது, எது எதைத் தாங்கும் என்று தடவிப் பார்த்தேன். டேஷ்போர்டுக்கு அடியில் சாமான் வைக்கும் தட்டு ஒன்று இருந்தது. அதன் திருகாணிகளைக் கழற்றி, ஒரு இரும்புப் பட்டையை வளைத்து அதே ஓட்டைகளில் மாட்டி, செட்டைத் தொங்கவிட்டேன். ஸ்பீக்கரை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்துத் தட்டில் உட்காரவைத்தேன். அலை பிடிக்கும் ஏரியலுக்காகக் கார் கூரையைத் துளைக்கத் தேவையில்லை. ஃபுட்போர்டைத் தாங்கும் போல்ட்டுகளில் கவ்வி மாட்டி, அடியில் செப்புக் கம்பியை நீளமாக இழுத்துக் கட்டினேன். குனிந்து பார்த்தால் ஒழியக் கண்ணுக்குத் தெரியாது.

அடுத்தது பிளஸ், மைனஸ். கரண்டு போவதற்குத்தான் காரில் வயர். திரும்பி வருவதற்குக் காரின் உடம்புதான் வழி, அதைத்தான் எர்த்து என்போம். பல இங்கிலீஷ் கார்களில் உடம்பில் சேர்வது பிளஸ். புது செட்டோ மைனஸை எதிர்பார்த்து வந்தது. யோசிக்காமல் கொடுத்தால் செட்டு புகைந்துவிடும். நல்லவேளையாக, அதற்குள்ளே அதிர்ந்துகொண்டே இருக்கும் ஒரு குப்பி உண்டு, அதைப் பிடுங்கித் திருப்பிச் சொருகினால் செட்டு மாறிக்கொள்ளும். திருப்பிச் சொருகினேன். பொத்தானைத் திருகினேன். கொஞ்சம் சூடேறி, கோலாலம்பூர் கணீரென்று பேசியது. மாக் வாசற்படியில் உட்கார்ந்து கையைக் கூப்பினார்.

அருணாசலம் எஞ்சினைக் கிளப்பப் போனார். முன்பக்கம் கம்பியைச் சொருகி, தம் பிடித்துச் சுழற்றினார். அந்தக் காரை எப்போதும் அப்படித்தான் கிளப்புவார்கள், ஸ்டார்ட்டர் வேலை செய்து பல வருடம் ஆயிற்றாம். எஞ்சின் ஓடியது. அவ்வளவுதான், கோலாலம்பூர் போன இடம் தெரியவில்லை. எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிக்கிற மாதிரி சடசடவென்று இரைச்சல்.

இது நான் எதிர்பார்த்ததுதான். எஞ்சினில் பொறி அடிக்கிற ஒவ்வொரு தடவையும் ரேடியோ அதைக் கேட்கும். அதை அடக்க முறைகள் உண்டு. பிளக் வயர்களில் தடை மாட்டினேன், டைனமோவிலும் காயிலிலும் கண்டன்சர் வைத்தேன், பானெட்டை உடம்போடு செப்புப் பின்னலால் சேர்த்தேன். ஒவ்வொன்றுக்கும் இரைச்சல் கொஞ்சம் இறங்கும், ஒழியாது. நாள்கள் ஓடின. தெருவில் கொடித் தோரணம் கட்டத் தொடங்கிவிட்டார்கள். பட்டறையில் அண்ணன் மகன் மேசைக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தான். எனக்குப் பார்க்கப் பார்க்க ஆத்திரம்.

அந்த ஆத்திரத்தில்தான் ஒருநாள் சாயங்காலம் வேலை செய்யாத அந்த ஸ்டார்ட்டரை அழுத்திப் பார்த்தேன். எஞ்சின் ஒரு முனகல் முனகியது. ஆனால் டேஷ்போர்டுப் பக்கம் இருந்து கருகல் வாடை வந்தது. தொட்டுப் பார்த்தால், டேஷ்போர்டில் இருந்து எஞ்சினுக்குப் போகிற சோக் இழுக்கிற கம்பி கொதித்தது. சோக் கம்பியில் கரண்டு போக வேலையே இல்லை. அருணாசலத்திடம் கேட்டேன். சோக் கம்பி அடிக்கடி கருகும், மாற்றிவிடுவோம் என்றார். பேட்டரியும் அடிக்கடி மாற்றுவார்களாம். எனக்கே தெரியும், அந்தப் பேட்டரிக்கு எத்தனையோ முறை சார்ஜ் ஏற்றியவன் நான்தானே.

ஆக எஞ்சினுக்கு எர்த்து இல்லை. திரும்பிப் போக வழியில்லாத கரண்டு சோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு போகிறது. எஞ்சினில் இருந்து ஒரு செப்புப் பின்னல் பட்டை வந்து, எஞ்சினுக்கும் ஓட்டுகிறவர் காலுக்கும் நடுவில் உள்ள தகரச் சுவரில் ஒரு போல்ட்டில் முடிய வேண்டும். பட்டையைக் கையால் பின்தொடர்ந்து போனேன். அது போய் ஒரு மஞ்சள் மேட்டுக்குள் மறைந்தது. சந்தனம், குங்குமம், அதற்கு மேல் சந்தனம், அதற்கு மேல் குங்குமம். சின்ன இட்லி அளவுக்குக் கெட்டியாகக் காய்ந்திருந்தது.

கார் வந்த அன்றைக்கு மாக்கின் கணவர் தம் கையால் வைத்த முதல் பொட்டு அது. அதைத் துடைக்கவே கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். ஒவ்வொரு பொங்கலுக்கும் பால் தெளித்து, இளநீர் விட்டு, பழைய பொட்டின் மேலேயே மாக் புதுப் பொட்டு வைப்பார். அந்தப் பாலும் இளநீரும் சந்தனமும் வருடக்கணக்கில் ஊறி இறங்கி, போல்ட்டுக்கும் தகரத்துக்கும் நடுவில் பச்சைக் களிம்பு பூத்துப்போயிருந்தது. பேட்டரியைக் குறை சொன்னார்கள், ஸ்டார்ட்டரைக் குறை சொன்னார்கள். சாமிக்கு வைத்த சந்தனத்தை யார் சந்தேகப்படுவார்கள்?

எஞ்சினை ஓடவிட்டு, பக்கத்தில் தகரத்தில் பெயிண்டைக் குத்திக்கொண்டு ஒரு பெரிய ஸ்க்ரூடிரைவரை எஞ்சினுக்கும் சுவருக்கும் நடுவில் அழுத்தினேன். இரைச்சல் நின்றது. எடுத்தேன், வந்தது. மாக்கிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன்: இந்தப் பொட்டைச் சுரண்டி, போல்ட்டைக் கழற்றித் தேய்க்க வேண்டும். இல்லையென்றால் இன்னொரு இடத்தில் ஓட்டை போட வேண்டும்.

அருணாசலத்துக்கு முகம் சிவந்துவிட்டது. அப்பாவுடையது என்று சொல்ல இந்த வீட்டில் அது ஒன்றுதான் இருக்கிறது, கையை எடு என்றார். மாக் கோபப்படவில்லை. "வேணாம், மணியம். வேற வழி பாரு" என்று மட்டும் மலாயில் சொல்லிவிட்டு உள்ளே போனார். வேறு வழியும் பார்த்தேன். அடியில் தவழ்ந்து அடிச்சட்டமான சேஸிஸ் வரைக்கும் நீள வயர் இழுத்தேன். எர்த்து வயர் நீளமானால் அதுவே ஒரு ஏரியல் ஆகி இரைச்சலைப் பரப்பும், அது எனக்கும் தெரியும். தெரிந்தும் செய்தேன், வேறென்ன செய்ய? இரைச்சல் அப்படியே இருந்தது.

அன்றிரவு சரோஜா சோறு போட்டுக்கொண்டே என்ன ஆயிற்று என்று கேட்டாள். சொன்னேன். அவர்கள் பார்க்காத நேரம் சுரண்டிவிட்டு மேலே புதுச் சந்தனம் அப்பினால் யாருக்குத் தெரியும் என்றும் சொன்னேன். நான் சொன்னதுதான், அந்த நினைப்பு எனக்கு வந்தது உண்மை. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "என் தாலிக்கயித்தை ஒருத்தன் எனக்குத் தெரியாம மாத்திக் கட்டினா சும்மா இருப்பீங்களா? கேட்டுச் செய்யுங்க. கொடுக்கலன்னா இருமிக்கிட்டே இருங்க, நான் சட்டை தைக்கிறேன்."

மெர்டேக்கா அன்றைக்குக் காலையில் பசியாறாமல் போய்விட்டேன். தவுக்கே முன்னாலேயே வந்து முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார், அன்றைக்கு முழுக்கைச் சட்டை. எஞ்சினைக் கிளப்பாமல் ரேடியோவைப் போட்டேன். கோலாலம்பூரில் மழை, விழா தள்ளிப்போகிறது என்று அறிவிப்பாளர் சொன்னார். எனக்கு மழை கொடுத்த அவகாசம் அது. மாக்கின் முன்னால் போய் நின்றேன்.

"மாக், எஞ்சின் ஓடினா இது பாடாது. நின்ன காடியில உக்காந்து கேக்கணும்னா இப்பவே கேக்கலாம், நான் தடுக்கல. ஆனா அவர் உங்களை ஊரைச் சுத்திக் காட்டுறேன்னுதானே சொன்னாரு" என்றேன்.

மாக் எழுந்து உள்ளே போனார். போச்சு என்றே நினைத்தேன். திரும்பி வரும்போது தலை குளித்திருந்தார். கையில் பித்தளைச் சொம்பு, வெற்றிலை, வெள்ளைத் துணி. அருணாசலம் குறுக்கே போய் நின்றார். மாக் அவர் தோளைத் தொட்டு விலக்கிவிட்டு, மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "உங்க அப்பா இந்தப் பொட்டை வெச்சது காடி ஓடணும்னு. நிக்கணும்னு இல்ல."

நான் பானெட்டைத் திறந்து பிடித்துக்கொண்டேன். அவரே தண்ணீரைத் தொட்டுத் தொட்டு அந்த மேட்டை நனைத்து, இளக்கி, உடையாமல் வெற்றிலையில் எடுத்தார். மிச்சத்தைத் துணியில் ஒற்றி எடுத்தார். அடியில் போல்ட்டின் தலை பச்சையாகத் தெரிந்தது. அவர் வெற்றிலையைக் கொண்டுபோய்க் கணவர் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வரும்வரை நான் தொடவில்லை. அப்புறம் கழற்றினேன். போல்ட்டையும் பட்டையின் வளையத்தையும் தகரத்தையும் வெள்ளி மாதிரி மின்னும் வரைக்கும் தேய்த்தேன். இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். மாக் சந்தனத்தோடு வந்தார். "கொஞ்சம் தள்ளி வைங்க மாக்" என்றேன். காட்டிய இடத்தில் வைத்தார், சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

பழக்க தோஷம், அருணாசலம் கம்பியோடு காருக்கு முன்னால் போய் நின்றார். நான் உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட்டரை அழுத்தினேன். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. அவர் கம்பியைப் பிடித்தபடியே நின்றார், கண் கலங்கிவிட்டது. ரேடியோவில் சடசடப்பு இல்லை, ஒன்றுமே இல்லை. கோலாலம்பூர் விழா அரங்கத்துக் கூட்டத்தின் சத்தம் மட்டும் தெளிவாக வந்தது. மாக் பின் இருக்கையில் ஏறிக்கொண்டார்.

தவுக்கே ஜன்னலோரம் வந்து கண்ணை மூடினார். அப்போதுதான் மெர்டேக்கா என்ற முழக்கம் வந்தது. ஒரு குரல் சொல்ல, கூட்டம் திருப்பிச் சொல்ல, மறுபடி மறுபடி. மாக்கும் உள்ளே இருந்து மெல்லிய குரலில் கூடவே சொன்னார். முழக்கம் முடிந்தும் தவுக்கே கண்ணைத் திறக்கவில்லை. எனக்கு இருமல் முட்டிக்கொண்டு வந்தது, அடக்கிக்கொண்டேன். அருணாசலம் வண்டியை எடுத்தார். கார் கம்பத்தை விட்டுச் சாலையில் திரும்பி, ரேடியோச் சத்தம் தேய்ந்து மறையும் வரைக்கும் தவுக்கே அப்படியே நின்றார்.

பிறகு என் கையைப் பார்த்தார். விரலெல்லாம் ஆசிட் தழும்பு, அதற்கு மேல் கிரீஸ். "நாளைக்கு நல்லா கை கழுவிட்டு மேல வா. ஆசிட் கையோட செட்டைத் தொடாதே" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். அவருடைய அண்ணன் மகன் அப்புறம் முன்கடையில் செட்டு விற்கிற வேலையைப் பார்த்தான், நன்றாகவே பார்த்தான். நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் அந்த மேசையை விட்டு இறங்கவில்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சரோஜாவிடம் தவுக்கே சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் கொல்லைக்குப் போய், கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் ஆசிட் சட்டைகளை உருவிக்கொண்டு வந்தாள். தான் உட்கார்ந்து தைத்த தையல் மேலேயே பிடித்து, டர் டர்ரென்று கிழித்து, சதுரம் சதுரமாக மடித்து என் கையில் கொடுத்தாள்.

"நாளைக்கு எடுத்துட்டுப் போங்க. ரேடியோ தொடைக்க ஆகும்."